31-உம் 94-உம்: மருத்துவக் கல்லூரி டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் வட்டார மருத்துவக் கல்லூரிகளின் டீன்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் துறைத் தலைவர் அறையில், கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 17 மருத்துவர்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த மாதம் பார்த்த ஓ.பி. (வெளிநோயாளி) எண்ணிக்கை. மேலே இருப்பவர்களுக்குப் பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. நான் 14-ஆவது இடத்தில், சிவப்பில் இருந்தேன். 26 வருடமாகப் பொது மருத்துவம் சொல்லிக்கொடுப்பவனுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் கோபத்தில் எழுதியிருந்தால் இந்த மடல் வேறு மாதிரி வந்திருக்கும். அதனால் ஆறப்போட்டேன். இப்போது விசாரித்துப் பார்த்தால், இதே மாதிரித் தாள் வேறு சில கல்லூரிகளிலும் சுவர் ஏறியிருக்கிறது, இன்னும் சில இடங்களில் ஏறப்போகிறது. ஆகவே எங்கள் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அளக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஓ.பி. எட்டரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குக் காபியோடு வந்து, பி.ஜி. (மேற்படிப்பு மருத்துவ மாணவர்) எழுதிவைத்த சீட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிற பேராசிரியர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2025 மே முதல் தேசிய மருத்துவ ஆணையம் முகத்தைக் காட்டி, ஜி.பி.எஸ். சாட்சியோடு வருகைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டது. ஆள் வளாகத்துக்குள் இருந்தார் என்பதை அது சொல்லும். இருந்தவர் என்ன செய்தார் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு டீன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

சரி, அந்தத் தாள் அதைச் சொல்கிறதா?

தாள் ஒட்டிய மாதத்திலேயே ஒரு வியாழக்கிழமை. என் யூனிட்டின், அதாவது துறைக்குள் நான் இருக்கும் மருத்துவர் குழுவின், ஓ.பி. நாள். பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்த வேலை செய்பவர்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொட்டை எண்ணெய் பட்டுப்பட்டு விரலெல்லாம் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்து, சாம்பல் பூசிப்பூசிச் சொரசொரவென்று இருக்கும். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது என்றார். சீட்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார். மூன்றிலும் பி காம்ப்ளெக்ஸ். ஒன்றில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று எழுதியிருந்தார்கள். ஐம்பது வயதில் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும்.

நானும் நாலாவது சீட்டில் அதையே எழுதி அனுப்பியிருப்பேன். வெளியே கூட்டம் அப்படி. ஆனால் அந்த அம்மா எழுந்திருக்கும்போது சொன்னார்: “வறுத்த கொட்டை கையில ஒட்டிக்கிச்சுன்னாகூட சுட மாட்டேங்குது சார். கொப்பளம் வந்தப்புறம்தான் தெரியுது.”

மறுபடி உட்காரச் சொன்னேன். மாணவர்கள் ஆறு பேர், ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), ஒரு பி.ஜி. சுற்றி நின்றார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஹவுஸ் சர்ஜன் பெண்ணிடம், “முதலில் உன் முழங்கைக்குப் பின்னால் தொட்டுப் பார், அப்புறம் அம்மாவுடையதைத் தொடு” என்றேன். தொட்டாள். இன்னொரு தடவை தொட்டாள். “கயிறு மாதிரி உருளுது சார்” என்றாள். ஆறு மாணவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தடித்திருந்த அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். முழங்கைக்குக் கீழே வெளிறிய தடம் ஒன்று, எண்ணெய் பட்ட வடு என்று அந்த அம்மாவே நினைத்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன்மேல் வைத்தோம். தெரியவில்லை. ஓரத்தில் வைத்தால் தெரிந்தது.

தொழுநோய். 2005 டிசம்பரோடு நாட்டளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டது, பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அது இனி இல்லை என்று அரசு அறிவித்த நோய். நோய் முற்றிலும் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் எங்கள் மாணவர்கள் அதைப் பார்ப்பது அருகிப்போனது. பார்க்காத நோயை அவர்கள் நாளைக்கு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லி, அவர் அழுது முடிக்கக் காத்திருந்து, 12 மாதம் மாத்திரை, அட்டையில் நாள்வாரியாக இருக்கும், இலவசம், வீட்டில் உள்ளவர்களையும் கூட்டி வாங்க என்று விளக்கி, தோல் நோய்த் துறைக்குக் கையோடு ஆள் கூட அனுப்பி முடித்தபோது 50 நிமிடம் ஆகியிருந்தது.

கணினியில் அது ‘புதிய நோயாளி: 1’.

அன்று என் கணக்கு 31. பக்கத்து அறை மருத்துவரின் கணக்கு 94. அவர் நல்ல மருத்துவர், எனக்கு நண்பர், நான் அவர்மேல் குறை சொல்லவில்லை. மாலை டீ குடிக்கும்போது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: “சார், அதுல நானே பார்த்தது இருபதுகூட இருக்காது.” அவரிடம் அன்று நாலு பி.ஜி. இருந்தார்கள். எல்லோரும் அவர் லாகினில்தான் பதிகிறார்கள். எனக்கு இருந்தது ஒரே பி.ஜி., மற்றவர்கள் ஐ.சி.யூ. போஸ்டிங். ஆக 94-க்கும் 31-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு பி.ஜி. டூட்டி அட்டவணை. அதைத்தான் நாம் பச்சை, சிவப்பு என்று வண்ணமடித்துக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

இந்தத் தாளுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து எங்களுக்கெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் ஆர்.வி.யூ. (ஒப்பீட்டு மதிப்பு அலகு) என்று ஒன்று இருக்கிறது, மருத்துவரின் உழைப்பை எண்ணாக்கிவிடுகிறார்கள், நாமும் அந்தப் பாதைக்கு வரவேண்டும் என்றார். அமெரிக்கா என்று சொன்னதும் அரங்கத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அந்த ஸ்லைடில் இல்லாததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஹார்வர்டில் வில்லியம் சியாவ் என்ற பொருளாதார அறிஞர் 1980-களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். ஒரு மருத்துவச் செயலுக்கு எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு கைத்திறன், எவ்வளவு யோசனை, எவ்வளவு மன அழுத்தம் என்று மருத்துவர்களையே கேட்டு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு மதிப்பு போட்டார்கள். ஆர்.வி.யூ. என்பது அந்த மதிப்புதான். 1992 முதல் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) அதை வைத்துத்தான் மருத்துவர்களுக்குக் கட்டணம் கொடுக்கிறது. அதாவது அங்கே தலையை எண்ணுவதில்லை. சளிக்கு ஒரு மதிப்பு, சிக்கலான புதுக் கேஸுக்கு வேறு மதிப்பு. நாம் இறக்குமதி செய்தது பெயரை மட்டும். உள்ளே வைத்திருப்பது பழைய ஓ.பி. ரிஜிஸ்தர்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அங்கே மருத்துவக் கல்லூரிகளில் ஓர் ஆசிரியரின் ஆர்.வி.யூ.வை அப்படியே எடுத்து இன்னொருவரோடு ஒப்பிட்டால், யாராவது ஒருவர் எழுந்து “அவருடைய கிளினிக்கல் எஃப்.டி.இ. எவ்வளவு?” என்று கேட்டுவிடுவார். ஒருவருடைய வேலை நேரத்தில் நோயாளி பார்ப்பதற்கென்று ஒதுக்கியது எத்தனை பங்கு என்பது அது. பத்தில் நாலு பங்கு என்றால், அவர் செய்ததை 0.4-ஆல் வகுத்த பிறகுதான் முழுநேரம் பார்ப்பவரோடு ஒப்பிட முடியும். அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே தீராத சண்டை உண்டு. ஒருவர் வகுப்பைக் கழிப்பார், இன்னொருவர் வார்டில் சொல்லிக்கொடுப்பதைக் கழிக்க விடமாட்டார். சண்டை இருந்தாலும் வகுக்காமல் விடுவதில்லை. பிறருடைய வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்வதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு: ரெசிடென்ட் (நம் பி.ஜி. மாதிரி) பார்த்த நோயாளிக்கு ஆசிரியர் பெயரில் மெடிகேரில் கட்டணம் கேட்கவேண்டுமானால், பொதுவாக முக்கியமான கட்டத்தில் ஆசிரியர் நேரில் இருந்திருக்க வேண்டும் என்று 1996-இலேயே விதியைக் கறாராக்கிவிட்டார்கள். நம் 94-ஐ அந்த விதியின் கீழ் ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். திங்கள் முதல் சனி மதியம்வரை 11 அரைநாள். ஒரு மருத்துவர் அதில் 8 அரைநாள் ஓ.பி.யில் உட்கார்ந்து வாரத்துக்கு 240 பேரைப் பார்க்கிறார். இன்னொருவருக்கு 3 அரைநாள்தான் ஓ.பி. மீதி நேரம் வகுப்பு, வார்டு, தேர்வு, நெறிமுறைக் குழு, போதாததற்குக் கல்லூரியைச் சோதிக்க வரும் ஆய்வுக்கு ஆயத்தம் செய்ய நீங்களே போட்ட குழு. அவர் 105 பேரைப் பார்க்கிறார். தாளில் முன்னவர் பச்சை, பின்னவர் சிவப்பு. அரைநாளுக்கு எத்தனை என்று வகுத்தால் முன்னவர் 30, பின்னவர் 35. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைப் போடாமல் ஒருவரை டீன் அறைக்குக் கூப்பிட்டு, ஏன் குறைகிறது என்று கேட்பது நியாயமா?

பொது மருத்துவத்துக்கே இவ்வளவு என்றால் மற்றத் துறைகளைக் கேட்கவே வேண்டாம். மனநலத்துறையில் ஒரு புதுக் கேஸைக் கதை கேட்டு எழுதவே ஒரு மணி நேரம் போகும். மயக்க மருந்து நிபுணருக்கு ஓ.பி. எண்ணிக்கை என்று சொன்னால் சிரிப்பார். நோய்க்குறியியல்காரர் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாலும் அவர் பெயரில் ஒரு நோயாளிகூட விழமாட்டார். எல்லாரையும் ஒரே தாளில் ஏற்றும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

தாள் ஒட்டிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்த கைகள் மெதுவாகப் பதினைந்து நாளுக்கு எழுத ஆரம்பித்தன. யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. நோயாளி மாதம் ஒரு தடவை வந்தால் எண்ணிக்கை ஒன்று, இரண்டு தடவை வந்தால் இரண்டு, அவ்வளவுதான். மூன்றாவது மாதம் என் கையும் ‘15’ என்று எழுதியதை நானே பார்த்தேன்.

அப்படி எழுதிக்கொடுத்த ஒருவர் சிதம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர். கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கடலூரில் மாறி, எங்களிடம் வந்து, சீட்டுப் போட்டு, மருந்துக்கு நின்று, திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கி, இதே மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நாமோ, கையில் மாத்திரை வைத்துக்கொண்டு அவரை மாதப் பாதியிலேயே திரும்பி வரச் சொல்கிறோம். தாளில் அது நம் வேகம் கூடியதாகத் தெரியும்.

உங்களில் ஒருவர் கேட்பார், எங்கள் எம்.எஸ். (மருத்துவக் கண்காணிப்பாளர்) கேட்டேவிட்டார்: “வெளியே இருநூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு 50 நிமிடமா?” நியாயமான கேள்வி. அந்த வியாழக்கிழமை கதவைத் திறந்தபோது வராந்தாவில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இந்தப் பகுதியின் கூட்டம் பொய் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் விடியற்காலையில் போய் நின்றால் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்துப் பேச்சும் காதில் விழும். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து இந்த ஊர் மருத்துவம் கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொடுக்கிற இடத்துக்குக் கூட்டம் வரும், கூட்டம் வருகிற இடத்தில்தான் கற்றுக்கொடுக்கவும் முடியும். ஆனால் எம்.எஸ். அவர்களே, வராந்தாவில் நிற்கும் அந்த இருநூறில் எத்தனை பேர் நம்முடைய பதினைந்து நாள் சீட்டால் திரும்பி வந்தவர்கள் என்று மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். கணினியில் இருக்கிறது. தட்டினால் வரும்.

தட்டுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் எத்தனை பழம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பதில்லை, தட்டிப் பார்ப்பார்கள். 1761-இல் ஆவன்ப்ரூக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து நோய் சொல்லலாம் என்று எழுதினாரே, அவர் அப்பா சத்திரம் வைத்திருந்தவர், ஒயின் பீப்பாயைத் தட்டி அளவு பார்த்த பழக்கத்திலிருந்து அந்த யோசனை வந்தது என்பார்கள். மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் பெர்கஷன் (தட்டிப் பார்க்கும் பரிசோதனை) மறக்காது. சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் தாளில் இடம் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு மருத்துவருக்கும் வாரத்தில் எத்தனை அரைநாள் ஓ.பி., எத்தனை அரைநாள் வார்டு, எத்தனை வகுப்பு என்பதை அட்டவணையாக எழுதி, அவரிடமே காட்டிச் சரிதானா என்று கேளுங்கள். வகுக்கிற எண் அதிலிருந்து வரட்டும். அப்புறம் புதிய நோயாளியையும் திரும்பி வந்தவரையும் தனித்தனியாக எண்ணுங்கள். மாத்திரைக்கு மட்டும் வருகிறவர்களைக் கூட்டத்தோடு சேர்க்கவே வேண்டாம், அவர்களுக்கு மாதச் சீட்டு போதும். ஆள்வாரியாகப் பட்டியல் போடாமல் யூனிட் வாரியாகப் போடுங்கள், ஏனென்றால் வேலை நடப்பது யூனிட்டில்தான். பி.ஜி.க்குத் தனி லாகின் கொடுங்கள். அவர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும், தெரிந்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

வாரத்தில் ஒரு ஓ.பி.யை ஒவ்வொரு யூனிட்டுக்கும் கற்பிக்கும் ஓ.பி. என்று அறிவித்துவிடுங்கள். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும், மற்றவர்களைப் பக்கத்து அறைகள் பகிர்ந்துகொள்ளட்டும். 2019 முதல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனையும் மாணவர் செய்து காட்ட வேண்டும், லாக் புத்தகத்தில் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. செய்துகாட்ட நேரம் இல்லாவிட்டால் கையெழுத்து மட்டும் நடக்கும். நடந்துகொண்டும் இருக்கிறது.

ஒரு வருடத்துக்காவது இந்த எண்ணைச் சம்பளத்தோடோ ஒப்பந்தப் புதுப்பிப்போடோ முடிச்சுப் போடாதீர்கள். பணம் சேர்ந்த மறுநாளே எண் கெட்டுப்போகும். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வருகிறது என்றால் காலிப் படுக்கைகள் ஒரே இரவில் எப்படி நிரம்பும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025-இல் மருத்துவக் கல்லூரி ஆய்வு முறைகேடு தொடர்பாக சி.பி.ஐ. பதிவுசெய்த வழக்கில் பொய்ப் பேராசிரியர்களும் பொய் நோயாளிகளும் குற்றச்சாட்டாக வந்ததை நாடே படித்தது. படுக்கைக்கு நடப்பது ஓ.பி.க்கும் நடக்கும்.

அந்த அம்மா மாதம் ஒருமுறை வருகிறார். மாத்திரை அட்டை அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது, ஆனாலும் என்னைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று வருகிறார். போன தடவை அவர் பேரனையும் கூட்டிவந்தார். பரிசோதித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஹவுஸ் சர்ஜன் பெண்தான் பையனின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள், நான் சொல்லாமலே.

அடுத்த மாதத் தாள் ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் கல்லூரியில் எந்த யூனிட் ஓ.பி. வேண்டுமானாலும் சரி, காலை எட்டரைக்குச் சொல்லாமல் போய், மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மதியம்வரை உட்காருங்கள். ஆய்வுக்கு வந்தது மாதிரி வேண்டாம், கூட ஆள் வேண்டாம். எங்கள் கல்லூரி டீன் வருவதாக இருந்தால் வியாழக்கிழமை வரலாம். ஸ்டூல் இருக்கிறது, மின்விசிறிதான் கொஞ்சம் சத்தம் போடும்.

இப்படிக்கு,
பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர்,
புதுச்சேரி